சொந்த மைதானம்

மச்சானை இரண்டு அறை அறையாமல் இன்றைக்குத் திரும்புவதில்லை என்ற முடிவோடுதான் அவன் அந்த மாடிப்படியில் ஏறினான். தாவித் தாவி ஏறியதில் பழைய முழங்கால் வலி சுரீர் என்றது. அந்தப் பாவத்தையும் மச்சான் தலையிலேயே கட்டினான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். அவனுடைய ஏஜெண்டும் அவர்தான். எந்த நாட்டுக் கால்பந்துக் கிளப்புக்கு நடுக்கள ஆட்டக்காரன் தேவை என்று விசாரித்து, பேசி முடித்து, விமானம் ஏற்றிவிடுகிறவர். பன்னிரண்டு வருஷத்தில் ஏழு நாடு, பதினோரு கிளப். கூட ஆடுகிறவர்கள் அவனுக்கு வைத்த பெயரே 'பெட்டி'.

பெட்டி படாத பாடு இல்லை. பந்து எது, பனிக்கட்டி எது என்று தெரியாத ஊரில் ஆடியிருக்கிறான். கோச் திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று விளங்காமலே தலையாட்டியிருக்கிறான். முழங்கால் கிழிந்து, பாஷை தெரியாத ஆஸ்பத்திரியில் தண்ணீர் கேட்கக்கூட வழியில்லாமல் கிடந்திருக்கிறான்.

ஒவ்வொரு சீசன் முடிவிலும் மச்சானிடம் அவன் கெஞ்சியது ஒன்றுதான்.

"நம்ம ஊர் கிளப்ல ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க மச்சான்."

"கேட்காம இருப்பேனா மாப்பிள்ளை? உங்க முழங்காலை நினைச்சுப் பயப்படறாங்க."

அந்தக் கிளப்பின் மைதானம் அவன் வீட்டுச் சமையலறை ஜன்னலிலிருந்தே தெரியும்.

இன்று காலை பல் டாக்டரைப் பார்க்கப் போன இடத்தில், வீங்கிய கன்னத்தோடு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் அந்தக் கிளப்பின் மேனேஜர்.

"நாங்கன்னா உங்களுக்கு அவ்வளவு இளக்காரமா சார்? மூணு தடவை கேட்டோம். மூணு தடவையும் உங்களுக்கு இஷ்டமில்லைன்னுட்டாரே உங்க மச்சான்!"

அவனுக்குப் பல்வலி போன இடம் தெரியவில்லை.

மச்சானின் அலுவலகம் ஒரே ஓர் அறைதான். சுவர் முழுக்க அவன் போட்டு ஆடிய சட்டைகள், கண்ணாடிச் சட்டத்துக்குள். அவன் நுழைந்த வேகத்தைப் பார்த்ததுமே மச்சான் எழுந்து நின்றுவிட்டார்.

"உட்காருங்க மாப்பிள்ளை…"

"யாருக்கு யார் மாப்பிள்ளை? என்னை ஊர் ஊரா வித்துக் கமிஷன் தின்னியா?"

மேஜையிலிருந்த தண்ணீர் கிளாஸ் சுவரில் மோதிச் சிதறியது. மச்சான் குனிந்து சில்லுகளைப் பார்த்தார். பிறகு அவன் கைகளைப் பார்த்தார்.

"ஆமா மாப்பிள்ளை. கமிஷனுக்குத்தான். அடிக்கணும்னா என்னை அடிச்சுக்குங்க."

இப்படித் தானாகவே ஒப்புக்கொள்வார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"உங்க தங்கச்சி முகத்துக்காக விடறேன். அவளைக் கட்டிக்கிட்டு அவளோட சேர்ந்தாப்போல ரெண்டு மாசம் இருந்திருப்பேனா? சொல்லுங்க!"

மச்சான் குனிந்து சில்லுகளைப் பொறுக்கினார்.

தங்கமான மனைவி. அவன் வீட்டில் இருக்கும் நாட்களில் அவள் குரல் உயர்ந்து அவன் கேட்டதில்லை. பூட்ஸ் சத்தம் வாசலில் கேட்டாலே மகள் டி.வி.யை அணைத்துவிட்டு உள் அறைக்குப் போய்விடுவாள். அப்படியொரு மரியாதை. புது ஒப்பந்தம் எந்த நாட்டில் என்று அவனுக்கே தெரிவதற்குள், குளிருக்கான கோட்டை மனைவி பெட்டியில் மடித்து வைத்திருப்பாள். அப்படியொரு பொறுப்பு.

"இனிமே உங்க தயவு எனக்கு வேண்டாம்" என்றான். "நேரா கிளப்புக்குத்தான் போனேன். கையெழுத்துப் போட்டாச்சு. மூணு வருஷம்!"

மச்சான் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாப்பிள்ளை…"

"கேட்டா நீங்க இன்னொரு நாட்டுக்கு டிக்கெட் எடுப்பீங்க. உங்க யோக்கியதை உங்க தங்கச்சிக்கும் தெரியட்டும்."

போனை எடுத்து அவளை அழைத்தான். ஸ்பீக்கரைப் போட்டு மேஜை நடுவில் வைத்தான்.

"வேண்டாம் மாப்பிள்ளை. அவகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கறேன்" என்று மச்சான் கையை நீட்டினார். அந்த மணிக்கட்டைப் பிடித்து மேஜையோடு அழுத்திக்கொண்டான்.

"சொல்லுங்க" என்றாள் மனைவி. எப்போதும்போல அடங்கிய குரல்.

"ஒரு நல்ல சேதி. இனிமே நான் எங்கேயும் போகப்போறதில்லை. நம்ம ஊர் கிளப்லயே சேர்ந்துட்டேன். மூணு வருஷமும் வீட்லதான். கேக்குதா?"

பதில் இல்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருக்கிறாள் என்று மச்சானைப் பார்த்து வெற்றியோடு சிரித்தான். மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

"எங்கேருந்து பேசறீங்க?"

"உன் அண்ணன் ஆபீஸ்லேருந்துதான். உன்னையும் என்னையும் இத்தனை வருஷம் பிரிச்சு வெச்ச புண்ணியவான் எதிர்லதான் உட்கார்ந்திருக்கார்."

"அண்ணன்கிட்ட குடுங்க."

கிழி கிழியென்று கிழிக்கப்போகிறாள். அவன் மச்சானின் மணிக்கட்டை விடாமலே, போனை அவர் பக்கம் தள்ளினான். பேசு என்று கண்ணை உருட்டினான்.

"நான்தாம்மா…" என்றார் மச்சான்.

ஸ்பீக்கரில் முதலில் மூச்சுதான் இரைத்தது. பிறகு அவன் அதுவரை கேட்டிராத உரத்த குரலில் அவள் அலறினாள்:

"அவரை இங்க தங்கவிட மாட்டேன்னு சத்தியம் பண்ணினியேண்ணே… பாப்பாவைக் கூட்டிக்கிட்டு இனி நான் எங்க போய் ஒளிவேன்?"