மேடத்துக்கு ஒரு டீ

கழுத்தில் தொங்கிய கல்லூரி அட்டையை நேராக்கிக்கொண்டு கதவைத் தட்டினேன். கதவு திறந்துதான் இருந்தது. இருந்தாலும் தட்டினேன்.

சமூகப்பணி ஆனர்ஸ் என்றால் ரத்த தான முகாமில் பிஸ்கட் கொடுக்கும் படிப்பு என்றுதான் அந்தமானின் இந்த ஹட் பே தீவூரில் பாதிப் பேருக்கு நினைப்பு. களப்பணி என்று ஒரு வீட்டு வாசலில் வந்து நின்று பார்த்தால் தெரியும்.

இந்த வீட்டில் ஹரிணி என்ற பதினாறு வயதுப் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மறுபடி அனுப்ப அவள் அப்பாவைச் சம்மதிக்க வைக்க வேண்டும். வேறு யாரையாவது அனுப்பட்டுமா என்று போர்ட் பிளேரில் எங்கள் சூப்பர்வைசர் கேட்டார். நான்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். கப்பலில் வழியெல்லாம் வாந்தி. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அப்பா பன்னீர்செல்வம் வெளியே வந்தார். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர், இப்போது மீன் வண்டி ஓட்டுகிறார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு அட்டையைப் பார்த்தார். அட்டையைத்தான் அதிக நேரம் பார்த்தார்.

ஹிந்தியில் வணக்கம் சொன்னேன். வேலை விஷயமாக வருகிறவர்கள் இங்கே ஹிந்தியில்தான் பேசுவார்கள். தமிழ் வீட்டுக்குள் பேசுவது.

"பைட்டியே, மேடம்" என்று நாற்காலியைக் காட்டினார்.

நாய் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து என் காலை நக்கியது. காரியத்தையே கெடுத்துவிடும் போலிருந்தது. கண்ணாலேயே அதட்டினேன்.

ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். படிக்க வைத்தால் பெண்கள் கப்பல் ஏறிப் போய்விடுகிறார்கள் என்றார். பெரியவள் அப்படித்தான் போனாள், இருக்கிற ஒன்றையும் தொலைக்க முடியாது என்றார்.

குறுக்கே பேசாதே, முழுதாகக் கேள். எங்களுக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது அதுதான். வகுப்பில் சுலபமாக இருந்தது. இங்கே அட்டையின் கயிற்றை விரலில் முறுக்கிக்கொண்டே கேட்டேன்.

அவர் முடித்ததும் ஹிந்தியிலேயே தொடர்ந்தேன். பதினொன்றும் பன்னிரண்டும் இதே ஊரில் படிக்கலாம், கப்பல் ஏற வேண்டாம். அதற்கப்புறம் அவளே முடிவு செய்யட்டும். நீங்கள் சரி என்று சொல்லும்வரை நான் எழுந்திருக்கப் போவதில்லை.

கடைசியாகச் சொன்னதை எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை.

கதவிடுக்கில் ஹரிணியின் முகம் தெரிந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் அவள் வாயைத் திறந்துவிடுவாள்.

அவர் குனிந்து நாயைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அச்சா, மேடம்" என்றார் பிறகு. திங்கட்கிழமையிலிருந்து அனுப்புகிறேன் என்று அதையும் ஹிந்தியில் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனார்.

அவரே டீ கொண்டு வந்தார். எவர்சில்வர் டம்ளர். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக என் பெயர் வெட்டியிருந்தது.

நான் கல்லூரிக்குக் கப்பல் ஏறிய அன்று, இனிமேல் மகள் என்று சொல்லிக்கொண்டு இந்தப் படி ஏறாதே என்றவர் அவர்.

நான் அப்படிச் சொல்லிக்கொண்டு ஏறவில்லை.

"சீனி போடல, குடி" என்றார், தமிழில்.