தூணடியில் கைகள்

மலைப்பக்கத்து வெயில் கல்லூரி நூலகக் கூடத்துச் சன்னல் வழியே இறங்கி, கல்தூணில் வெட்டிய மந்திரத்தின் மேல் சாய்ந்து கிடக்கிறது. காது கேளாத பிரிஸ்கில்லா கடைசி வரிசையிலிருந்து பேராசிரியர் காசிராஜனின் உதடுகளைப் படிக்கிறாள். "இந்தத் தூணை நான் ஒத்தையில வாசிச்சு முடிச்சேன்." பக்கத்திலிருக்கும் தோழி ஜெயபாய் அவள் தோளை இடிக்கிறாள். "ஏட்டி, ஒம் பேரையே சொல்லலையே!" வருடக்கணக்காக விரலால் தடவித் தடவி அந்தக் கல்லை அவருக்குப் படித்துக் கொடுத்தவள் அவள். கூடத்து ஒலியையெல்லாம் விழுங்கும் மந்திரம் அது. தலைகீழாகச் சொன்னால் ஒலி திரும்பிவிடும் என்பது அவர் கணக்கு. விழுங்கிய பிறகு சொல்வதற்குக் குரல் ஏது? தூணடியில் செதுக்கியிருக்கும் கைகளைப்போலக் கைகாட்டித்தான் ஒலியைத் திருப்ப வேண்டும் என்று, படித்து முடித்த அன்றைக்கே சைகையில் சொல்லப் போனாள். "சும்மா கையை ஆட்டாத. எழுதிக் காட்டு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் எழுதவில்லை. அவரும் அந்தக் கைகளை வெறும் பூவேலை என்று விட்டுவிட்டார்.

இப்போது எல்லோருக்கும் செய்து காட்ட மந்திரத்தைச் சொல்லி முடிக்கிறார். விசிறி சுற்றிக்கொண்டிருக்க, அவள் உள்ளங்காலடியில் தரையின் அதிர்வு மட்டும் செத்துப்போகிறது. ஒருவர் காதைக் குடைகிறார். ஜெயபாய் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடுகிறாள். மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்த காசிராஜனின் கண்கள் கடைசி வரிசைக்கு வந்து நிற்கின்றன. இரண்டு கைகளையும் காற்றில் வீசி அவளிடம் கெஞ்சுகிறார். பிரிஸ்கில்லா இடது உள்ளங்கையை விரித்து, அதன்மேல் வலது விரலால் எழுதுவதுபோல் நிதானமாகக் காட்டுகிறாள்.

கையை ஆட்டாதீங்க, சார். எழுதிக் காட்டுங்க.