வெள்ளியின் ஓசை

மண்ணுக்கடியில் உலோகம் தேடும் கருவி மணியடித்தது போல ஒலித்தது.

டாஃப்னி நின்றாள். பத்தடி பின்னால் வந்துகொண்டிருந்த வெர்னனும் நின்றார்.

வழக்கமாக ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாகத்தான் வயல்களில் பழங்காசு தேடுவாள். இந்த முறை ஹெட்போன் வேண்டாம், தனக்கும் கேட்க வேண்டும் என்று வெர்னன் சொல்லிவிட்டார். மூன்று நாளாக அவருடைய பூட்ஸ் சத்தம் அவள் முதுகிலேயே ஊர்ந்துகொண்டிருந்தது.

இரும்பென்றால் கருவி உறுமும். இப்படி மணியடித்தால் வெள்ளியாக இருக்கலாம். அது இப்போது அவருக்கும் தெரியும்.

மண்டியிட்டுத் தோண்டினாள். இங்கிலாந்தின் சஃபோக் களிமண் விரலை விடமாட்டேன் என்றது.

பதினெட்டு வருடமாக இந்தப் பக்கத்து வயல்களை நடந்தே அளந்தவள். கிடைத்ததெல்லாம் சட்டைப் பொத்தான்களும் ஈயக் குண்டுகளும். அவள் வேலை பார்க்கும் தபால் நிலையத்தில் அவளுக்குப் பொத்தான் ராணி என்றே பெயர்.

மண்கட்டி உடைந்தது. உள்ளே கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, மெல்லிய தகடு ஒன்று.

தேய்த்துப் பார்த்தாள். ஒரு பெண்ணின் முகம், தலையில் கிரீடம், பின்னால் ஒரு ரோஜா. முதலாம் எலிசபெத் ராணி காலத்து வெள்ளிக்காசு, நானூறு வருடத்துக்கும் மேல் பழையது.

அதன் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஓர் அடுக்கே இருந்தது.

கையிலிருந்த காசைத் திரும்ப அடுக்கின் மேலேயே வைத்தாள்.

இப்படிப் புதையல் கிடைத்தால், சட்டப்படி தேடுவதை உடனே நிறுத்த வேண்டும். அதிகாரிகளுக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் வந்து வேலி கட்டிவிட்டால், வேலை முடியும்வரை வேறு யாரும் உள்ளே கால் வைக்க முடியாது. இன்று சனி. திங்களன்று விவசாயி கோதுமை விதைக்கிறார். அதுவரைதான் இந்த வயல் அவளுக்கும் வெர்னனுக்கும்.

"டாஃப்னி, வெள்ளியா?"

கேட்டவர் கிட்டே வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

அவள் மண்ணைக் குழிக்குள் தள்ளினாள். காலையில் எடுத்த நசுங்கிய பீர் டின் ஒன்று இடுப்புப் பையில் கிடந்தது. அதை எடுத்து உயர்த்திக் காட்டினாள்.

"பீர் டின்னு, வெர்னன். இதுக்கும் இந்த மிஷினு இப்படித்தான் கத்தித் தொலைக்கும்."

எழுந்து குழியை மிதித்தாள். மிதித்த காலை எடுக்க மனம் வரவில்லை. வரிசை பிசகாமல் தேடக் கட்டியிருந்த கயிறு, வயலோர வேலியிலிருந்து எத்தனையாவது வரிசை என்று எண்ணிக்கொண்டாள். மறுபடியும் எண்ணினாள். அதிகாரிகளிடம் செவ்வாய்க்கிழமை போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

வெர்னன் அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார். அவர் முகத்தில் ஏமாற்றம் இல்லை.

ஏழு வருடத்துக்கு முன், ஓர் அக்டோபர் சாயங்காலம், பஸ்ஸைத் தவறவிட்ட அவருடைய மகள் ஹெட்டி வீட்டுக்கு நடந்து கிளம்பினாள். வந்து சேரவில்லை. போலீஸ் ஆற்றங்கரையை மட்டும் தேடிவிட்டுப் போனது. அன்று அவளை இந்த வயலில் பார்த்ததாக ஒருவர் போன மாதம்தான் வந்து சொன்னார்.

அன்று ஹெட்டியின் கையில் ஒரு வெள்ளிக் காப்பு இருந்தது.

"அப்ப, இங்க இல்ல," என்றார் வெர்னன்.

கயிற்றைப் பிடுங்கி அடுத்த வரிசையில் கட்டப் போனார்.