பெயர் வைக்காத ஹெலிகாப்டர்

மத்தியானம் தாண்டி டீக்கடைத் தரை அதிர்ந்ததும், பாத்திரம் தேய்த்த ஈரக் கையோடு யாங்ஜி நிமிர்ந்தாள். எது வருகிறது என்று புருவத்தாலேயே என்னைக் கேட்டாள்.

யாங்ஜி என் தம்பி பெண்டாட்டி. பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. ஆனால் எங்கள் ஊருக்கு மேலே எது பறந்தாலும் முதலில் அவளுடைய உள்ளங்காலுக்குத்தான் சேதி வரும். என்ன வருகிறது என்பதை மட்டும் நாங்கள் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அதற்காகவே என் தம்பி சிரிங், கல்யாணமான புதிதில், ஒவ்வொன்றுக்கும் கையால் ஒரு பெயர் வைத்தான்.

விடியற்காலையில் சிகரங்களைச் சுற்றிக்காட்டும் விமானம் என்றால், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வாயைப் பிளக்க வேண்டும். உள்ளே இருக்கிற வெள்ளைக்காரர்கள் அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறார்கள்! அரிசியும் சிலிண்டரும் கொண்டுவரும் பெரிய ஹெலிகாப்டருக்கு, கன்னத்தை உப்பி, நிறைமாதக்காரி மாதிரி வயிற்றைத் தாங்கிக்கொள்ள வேண்டும். போட்டோ எடுக்க வருகிறவர்களின் சின்ன ஹெலிகாப்டருக்கு, தலைக்கு மேல் விரலைச் சுழற்றிவிட்டு ஒரு கண்ணை மூடினால் போதும்.

இரண்டும் இதைச் செய்துகாட்டி விழுந்து விழுந்து சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலையைப் பாருங்கள் என்று கத்துவேன். அவளுக்குக் கேட்காது, அவனுக்கு உறைக்காது.

இன்னொன்று உண்டு. நீளமான கயிற்றைத் தொங்கவிட்டுக்கொண்டு மேலே போகும். மலையில் மாட்டிக்கொண்டவர்களை அந்தக் கயிற்றில் கட்டித்தான் இறக்குவார்கள். உயிரோடு இருப்பவர்களையும், இல்லாதவர்களையும்.

அதற்கு மட்டும் சிரிங் பெயர் வைக்கவில்லை.

"நம்ம வீட்டுக்கு அது எதுக்குக்கா?" என்றான்.

அப்படிச் சொன்னவன் இப்போது மேலேதான் இருக்கிறான், சிகரம் ஏறுகிற வெள்ளைக்காரர்கள் பிடித்துக்கொண்டு ஏற வழிக்கயிறு கட்ட. காலையில் பக்கத்து விடுதி உர்கென் பின்வாசல் வழியாக வந்தான். மூன்றாவது முகாமில் பனி சரிந்துவிட்டது, ஆட்கள் சிக்கியிருக்கிறார்கள், யார் யாரென்று வாக்கிடாக்கியில் சொல்லவில்லை என்றான்.

"அவகிட்ட மூச்சு விடாதக்கா. தாங்க மாட்டா."

நான் மூச்சு விடவில்லை. அவளை உருளைக்கிழங்கு உரிக்க வைத்தேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவ வைத்தேன். அம்மா செத்த பிறகு முதுகில் கட்டிக்கொண்டு நான் வளர்த்த பிள்ளை அவன். அவனை விட்டால் எனக்கென்று யார் இருக்கிறார்கள்?

தரை இன்னும் பலமாக அதிர்ந்தது. யாங்ஜி காத்துக்கொண்டிருந்தாள். நான் கன்னத்தை உப்பி வயிற்றைத் தாங்கிக் காட்டினேன். அரிசி ஹெலிகாப்டர்.

அவள் முகம் மாறியது.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். மத்தியானத்துக்கு மேல் எங்கள் ஊரில் காற்று பேயாய் அடிக்கும். அரிசிக்காக எந்த மடையன் அந்த நேரத்தில் ஹெலிகாப்டரை எடுப்பான்? பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அந்தக் காற்றில் துணிந்து வருவது கயிறு கட்டியது மட்டும்தான்.

யாங்ஜி என்னைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

எதிரே இருந்த உருளைக்கிழங்கு வயலில் ஊரே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் இருவரை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. ஹெலிகாப்டருக்கு வெகு கீழே, கயிற்றின் நுனியில், ஆரஞ்சு நிறத்தில் ஓர் உருவம் சுற்றிச் சுற்றி வந்தது. உட்கார்ந்திருக்கிறதா, துவண்டு தொங்குகிறதா? என் கண்ணில் தண்ணீர் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை.

"யாருடா அது? சொல்லித் தொலையேன் உர்கென்!" என்று கத்தினேன்.

யாங்ஜி வயலின் கல்சுவர்மேல் ஏறி நின்றாள். உருவம் இன்னும் கீழே இறங்கியது. அதிலிருந்து ஒரு கை மெல்ல எழுந்தது. ஒரு விரல் கன்னத்தில் குத்தியது. கை விழுந்துவிட்டது.

யாங்ஜிக்குச் சிரித்தால் கன்னத்தில் குழி விழும். சிரிங் அவளைக் கூப்பிடுவது அப்படித்தான். அந்த மலையில் வேறு எவனுக்கும் அந்தப் பெயர் தெரியாது.

நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷம்தான், ஆனால் எழவு வீட்டில் அழுகிற மாதிரி வாய்விட்டு அழுதேன்.

அந்தப் பைத்தியக்காரப் பெண் சுவரிலிருந்து குதித்து, புருஷனிடம் போகாமல் முதலில் என்னிடம் ஓடி வந்தாள். என் முகத்தைத் தன் பாவாடையால் துடைத்தாள். பிறகு எனக்குப் புரியவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக, நிதானமாகக் கையால் சொன்னாள்: அக்கா அழக் கூடாதாம். அவனுக்கு ஒன்றுமில்லையாம். அக்கா கையால் வெண்ணெய் டீ வேண்டுமாம். மேலேயிருந்து அவனே சொன்னானாம்.

சொல்லிவிட்டு அவனிடம் ஓடினாள்.

அவர்கள் மொழி எனக்கு அரைகுறைதான். ஆனாலும் நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். அந்தக் கை சொன்னது ஒரே ஒரு சொல். அவள் பெயர்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். தம்பிக்கு வெண்ணெய் டீ வேண்டுமாமே.