அந்தப் பேர் இருக்கட்டும்

"கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கீங்களா சார்?"

"உட்கார்ந்துட்டேன் மேடம். இ-ரீடரையும் ஒயர்ல மாட்டிட்டேன். எந்தப் புஸ்தகத்தைத் தொட்டாலும் 'உங்களுக்கு அனுமதி இல்லை'ங்குது. நம்ம வீட்டு வாசல்ல நம்மையே நிறுத்தி யாருன்னு கேட்கற மாதிரி இருக்கு!"

அவள் ஹெட்போனைச் சரிசெய்துகொண்டாள். அந்த வாடிக்கையாளர் சேவைக் கூடத்தில் அவளைச் சுற்றி நாற்பது பேர் நாற்பது குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு அழைப்புக்குப் பத்து நிமிஷம்தான். தாண்டினால் சூபர்வைசர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றுவிடுவார்.

"கவலைப்படாதீங்க, சரி பண்ணிடலாம். அவசரமா வேணுமா சார்?"

"நாளைக்குக் காலையில என் வீட்டுக்காரிக்கு முட்டி ஆபரேஷன். பத்து நாள் ஆஸ்பத்திரியில படுக்கணும். கையில படிக்க ஒண்ணும் இல்லைன்னா அவ்வளவுதான், நர்ஸுங்களை உட்கார வச்சுக் கதை கேட்க ஆரம்பிச்சுடுவா."

கீபோர்டில் ஓடிக்கொண்டிருந்த அவள் விரல்கள் நின்றன.

"பெரிய ஆபரேஷனா சார்?"

"பயப்பட ஒண்ணுமில்லைன்னுதான் டாக்டர் சொல்றார். அவளுக்கு உள்ளுக்குள்ள உதறல். வெளியில காட்டிக்க மாட்டா."

"சரி சார்... மேலே வலது பக்கம் 'வியூ'ன்னு இருக்கா?"

"வலதுன்னா என் வலதா, கம்ப்யூட்டரோட வலதா?"

"உங்க வலதுதான். அதை அழுத்தி, 'மறைந்துள்ள ஃபைல்கள்'ங்கற இடத்துல டிக் போடுங்க."

"நான் எதையும் மறைச்சு வைக்கலையே மேடம்!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கம்ப்யூட்டரே மறைச்சு வைக்கும் சார். யாரும் தெரியாத்தனமா அழிச்சிடக் கூடாதுன்னு."

"அட, ஆமா! இத்தனை நாள் எங்க இருந்ததோ, மங்கலா நாலு ஃபோல்டர் வந்து நிக்குது."

"அதுல அனுமதி ஃபோல்டர் ஒண்ணு இருக்கும், திறங்க. யார் பேர் இருக்கு?"

மறுமுனையில் மவுஸ் சத்தம் கேட்டது.

"என் பொண்ணு பேர். அவதான் இதை வாங்கி, எல்லாத்தையும் போட்டுக் கொடுத்தா. இப்போ அவ எங்ககூட இல்லை."

"கோளாறு அந்த ஃபோல்டர்லதான் சார். அதை அழிச்சிடுங்க. உங்க பேர்ல புதுசா அனுமதி போட்டு, புஸ்தகங்களையும் அதுக்கே மாத்திடலாம்."

"வேற வழியே இல்லையா?"

"ஏன் சார்?"

"ஒரு தடவை கோபத்துல ரேஷன் கார்டுல இருந்து அந்தப் பேரை அழிச்சவன் நான். இன்னொரு தடவை எனக்குக் கை வராது மேடம். அந்தப் பேர் இருக்கட்டும்."

கடிகாரம் பத்து நிமிஷத்தைத் தாண்டியிருந்தது. சூபர்வைசர் எழுந்து வருவது தெரிந்தது.

"அப்போ ஒண்ணு பண்ணலாம்" என்றாள் அவள் மெல்ல. "கெட்டுப்போன ஃபோல்டரை மட்டும் அழிச்சிட்டு, அதே பேர்லயே திரும்ப அனுமதி வாங்கலாம். பேர் போகாது. ஆனா அதுக்குப் பழைய பாஸ்வேர்டு வேணும்."

"அது அவளுக்கு மட்டும்தான் தெரியும்."

பாஸ்வேர்டு விஷயத்தில் கம்பெனி ரொம்பக் கறார். பேசுவதெல்லாம் பதிவாகிக்கொண்டிருந்தது. சூபர்வைசர் பின்னால் வந்து நின்று, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அவள் மைக்கைக் கையால் மூடி ஒரு மூச்சு விட்டாள். பிறகு கையை எடுத்தாள்.

"எழுதிக்கோங்க. முதல்ல அம்மா பேர், அதுக்கப்புறம் நான் பிறந்த வருஷம். நாளைக்குக் காலையில நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன்ப்பா."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"வாம்மா. காலையில இருந்து இது பதினாலாவது கால். வேற யாராவது எடுத்தா வச்சிட்டு, நீ எடுக்கற வரைக்கும் போட்டுக்கிட்டே இருந்தேன்."