போய்ச் சேரும் வரை

மகள் யாழிசை செவ்வாய்க் கிரகத்துக்குப் புறப்பட்ட நாளிலிருந்து வீடு கூட்டும் ரோபோ நகரவே இல்லை. பூரணி பிரஷ்ஷில் சிக்கிய முடியை எடுத்தாள். பேட்டரியையும் மாற்றிப் பார்த்தாள். தூசிதான் வெயிலில் பொன்னாக மிதந்தது.

சர்வீஸுக்கு வந்த ரெஜினா சோதித்துவிட்டு நிமிர்ந்தாள். "கோளாறே இல்லக்கா. 'பிள்ள போய்ச் சேர்ற வரைக்கும் வீட்டைக் கூட்டாதே'ன்னு நீங்கதான் சொல்லி வச்சிருக்கீங்க. பிள்ள சேந்த சேதி நெட்டுல வந்தாத்தான் இது நகரும். அந்தக் கட்டளைய அழிச்சிடட்டுமா?"

பூரணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்மா. விண்கப்பல்லேர்ந்து சேதி வந்தே மாசக்கணக்காச்சு. இது இப்படியே இருக்கட்டும்."

தூசி மெத்தையாகப் படிந்தது. ஒரு மத்தியானம், சோபாவில் கண்ணயர்ந்திருந்தவளின் காதில் மெல்லிய ரீங்காரம் கேட்டது. கண்ணைத் திறந்தாள். ரோபோ தரையைக் கூட்டியபடி அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"சேந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டே, பூரணி இரண்டு கால்களையும் தூக்கி அதற்கு வழிவிட்டாள்.