குழிக்கு யார் அபராதம் போடுவது?

பள்ளத்தூர் நாகநாதனின் கருத்து காலை ஆறு மணிக்கே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. “ஹெல்மெட் போடாதவனுக்கு அபராதம். ரோட்டில் குழியை விட்டுவைத்தவனுக்கு யார் அபராதம் போடுவது?”

ஆறேகாலுக்குச் சிங்கப்பூரிலிருந்து மகன் அருள்பாண்டி அழைத்தான். அம்மா வள்ளிக்கண்ணு ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னம்மா, ஒங்க வீட்டுக்காரருக்குக் காலங்காத்தால வேற வேலை இல்லையா? குழி இருக்கறதாலதானே ஹெல்மெட்டே போடணும்! போனை அவருட்ட குடுங்க.”

“ஒன்கூடப் பேச மாட்டாகளாம். பதிலை எழுதி அனுப்புவாகளாம்.”

“மூணு மாசமா இதே வீம்பு. எழுதட்டும். நாளைக்கும் கூப்புட்டுக் கிழிக்கிறேன்.”

“கூப்புடுய்யா.”

சண்டை போடுவதற்கு மட்டும்தான் அவன் வீட்டுக்குப் போன் செய்வான். வள்ளிக்கண்ணு கணவரின் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாளைக்கு என்ன எழுதலாம் என்று பேப்பரைப் புரட்டினாள். மூன்று மாதமாக எழுதுவது அவள்தான்.

டீ டம்ளரைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த நாகநாதன் மெதுவாகச் சொன்னார்.

“அந்தத் தம்பி சொல்றது நியாயந்தானே. யாரு வீட்டுப் பிள்ளை?”